கணக்கில் வராத மூன்றரை மணி

இருபத்தாறு ஏ. ஜன்னலோரம்.
துணையின்றிப் பயணிக்கும் சிறுமி.
கழுத்தில் தொங்கும் அட்டையில்
ஒப்படைப்பவர்: தகேயுகி, தந்தை, டோக்கியோ.
பெற்றுக்கொள்பவர்: மெர்வி, தாய், ஹெல்சிங்கி.
நடுவில் என் கையெழுத்து,
பார்சலுக்குப் போடுவது போல.

மரிகாவை ஐந்து வயதிலிருந்து தெரியும்.
அன்றெல்லாம் ஒன்பதரை மணி நேரம்.
இரண்டு படம், ஒரு தூக்கம்,
கீழே சைபீரிய ஆறுகள்
யாரோ அவிழ்த்தெறிந்த ரிப்பனாகக் கிடக்கும்.

பிறகு அந்த வானத்தைப் பூட்டிவிட்டார்கள்.

நகரங்கள் இரண்டும் இருந்த இடத்திலேயே இருக்கின்றன.
உருண்டையில் நூல் பிடித்து அளந்தால்
இன்றும் அதே ஏழாயிரத்து எண்ணூறு கிலோமீட்டர்தான்.
நாங்கள்தான் அலாஸ்காப் பக்கம் ஒதுங்கி
பூமியின் உச்சந்தலையைத் தொட்டுக்கொண்டு வருகிறோம்.
பதின்மூன்று மணி நேரம்.

புதுப் பாதையில் முதல் தடவை கேட்டாள்:
“யுர்கி, அப்பா வீடு தள்ளிப் போயிடுச்சா?”
எல்லை, போர், எரிபொருள் என்று ஆரம்பித்தவன்
பாதியில் நிறுத்தி
ஆப்பிள் ஜூஸ் ஊற்றிக் கொடுத்தேன்.

இப்போது பதினொன்று. கேள்விகள் கேட்பதில்லை.
இடக்கையில் டோக்கியோ நேரம், வலக்கையில் ஹெல்சிங்கி.
எதிர்த்திரையில் குட்டி விமானம் மேலே மேலே ஏறி
இனி வடக்கு என்று ஒன்று இல்லாத இடத்தை
நெருங்கிக்கொண்டிருந்தது.
முன்னூறு பேர் போர்வைக்குள்.
ஆகஸ்ட் சூரியன் மட்டும் படுக்கப் போகாமல்
ஜன்னல் மறைப்பின் இடுக்கில்
விரல் நுழைத்துப் பார்த்தது.

துருவம் கடந்ததற்கான சான்றிதழை நீட்டினேன்.
“வீட்ல நாலு இருக்கு. வேற யாருக்காவது குடுங்க.”

இரண்டு கடிகாரங்களையும் கழற்றி
மடக்குப் பலகையில் குப்புறக் கவிழ்த்திருந்தாள்.
ஓடவில்லையா என்றேன்.
ஓடுது என்றாள்.

கோர்ட்டுத் தாளில் கோடை விடுமுறையை
நாள் நாளாகப் பிரித்திருக்கிறதாம்.
இத்தனை அப்பாவுக்கு. இத்தனை அம்மாவுக்கு.
பயணத்துக்கு ஒன்பதரை மணி.
பழைய தாள், யாரும் திருத்தவில்லை.
“மிச்சம் மூணரை மணி
ரெண்டு பேர் பங்குலயும் இல்ல.”

அதில் என்ன செய்வாய்?

“ஒண்ணும் செய்ய மாட்டேன்”

நிலபுலன் உள்ளவள் குரலில் சொல்லிவிட்டு
மறைப்பை இரண்டு விரற்கடை தூக்கினாள்.
கீழே பனி. விரிசல்கள்.
எந்தப் பக்கம் திரும்பினாலும் தெற்கு.
நான் வண்டியைச் சத்தமில்லாமல் தள்ளிக்கொண்டு
அடுத்த வரிசைக்குப் போனேன்.

நார்வேக்கு மேலே கேப்டனின் குரல்:
காற்று சாதகம்,
நாற்பது நிமிடம் முன்னதாகவே இறங்குகிறோம்.
பின்வரிசையில் யாரோ கை தட்டினார்கள்.
இருபத்தாறு ஏ நிமிர்ந்து
ஒலிபெருக்கியைப் பார்த்தது,
தன் பையில் கைவிட்டவனைப்
பார்ப்பது போல.