காலி எடை

கருப்பூர் எடைமேடையில் எனக்குப் பதினோரு வருஷம்.
லோடோடு ஒரு தரம், காலியாக ஒரு தரம்.
கழித்தால் வருவது வெள்ளைக்கல்.
மீதியெல்லாம் இரும்பு, டயர், டீசல்,
டிரைவர் இறங்க மறந்திருந்தால் டிரைவர்.

வலி வந்தால் மேசைமேல் கவிழ்ந்துகொள்வேன்.
தொப்புளுக்கு மேலே தொடங்கி
முதுகுப் பக்கம் போய் ஆணி அடிக்கும்.
நிமிர்ந்தால் கூடும், குனிந்தால் கொஞ்சம் விடும்.
கணக்குப் பார்க்கிறான் என்று நினைத்தார்கள் முதலில்.
அப்புறம், குடித்திருக்கிறான் என்று.

ஐந்து ரோட்டு டாக்டரும் அதையேதான் கேட்டார்.
"எவ்வளவு நாளாக் குடிக்கிறீங்க?"
பழக்கமில்லைங்க என்றேன்.
அவர் தமயந்தியைப் பார்த்தார்.
அவள் தலையசைத்த பிறகுதான் பேனா நகர்ந்தது.
பதினேழு வருஷத்தில் எனக்காக அவள் சொன்ன முதல் சாட்சி,
அதுவும் வாய் திறக்காமல்.

"மரவள்ளிக்கிழங்கு நிறையச் சாப்பிடுவீங்களா?"
சேலத்தில் உட்கார்ந்துகொண்டு இதைக் கேட்கிறாரே
என்று சிரித்துவிட்டேன். சிரித்தாலும் வலித்தது.
அதனால்தான் என்று அடித்துச் சொல்ல முடியாது,
சிலருக்கு ஏன் வருகிறதென்றே தெரியாது என்றவர்
காரணம் என்ற கட்டத்தில் ஒரு கோடு இழுத்தார்.

கணையம்.
ஏழாம் வகுப்பில் படம் வரைந்து பாகம் குறித்திருக்கிறேன்,
மஞ்சள் அடித்ததாக ஞாபகம்.
ஸ்கேனில் அதன் குழாய் நெடுக வெள்ளை வெள்ளையாய்.
பார்த்ததுமே தரம் தெரிந்துவிட்டது எனக்கு:
முதல் ரகம். மண் கலக்காதது.

முதல் நாள் வெளியிலிருந்து அடித்தார்கள்.
தண்ணீர்ப் பை ஒன்று வயிற்றோடு ஒட்டி நிற்க
டக், டக், டக்,
ஒரு மணி நேரத்துக்கும் மேலே.
சுரங்கத்தில் வெடி வைக்குமுன் சங்கு ஊதும்,
ஓடி ஒதுங்குவோம்.
இங்கே ஒதுங்க வேண்டியவனே
பாறையாகக் கிடந்தான்.

மறுநாள் வாய்வழி.
பல்லிடையில் வளையம் மாட்டியது வரை தெரியும்.
மீதி நர்ஸ் செலின் சொல்லித்தான்:
தொண்டை, இரைப்பை, அதைத் தாண்டிக் குடலின் முதல் வளைவு,
அங்கே மச்சம் மாதிரி ஒரு வாசல்.
அதை இம்மி கீறி, கம்பி நுழைத்து,
விரல்நுனிக்கும் சிறிய கூடை ஒன்றை விட்டு அள்ளி,
பலூன் ஊதி, இழுத்து, மறுபடி ஊதி, இழுத்து,
சுண்ணாம்புத் தண்ணீர் போல வந்ததாம்.
கடைசியில் பேனா ரீஃபில் கனத்தில் ஒரு குழாயை
உள்ளேயே விட்டுவிட்டார்கள்.
மேலே ஒரு தையல்கூட இல்லை.

பக்கத்துக் கட்டில் சடையப்பனுக்குப் பித்தப்பைக் கல்.
மருந்துப் புட்டியில் ஒன்பது இருந்தது.
வருகிறவர்களுக்கெல்லாம் குலுக்கிக் காட்டினார்.
என்னுடையது எங்கே என்று கேட்டேன்.
"தூளாப் போச்சுங்க, குடலோட போயிரும்."
காட்டுவதற்கு ஒன்றுமில்லை.
குடிக்காதவன் என்பதற்கும் புட்டி ஏது.

குழாய் மாற்ற மூன்று மாதத்தில் வரணும்,
சோற்றோடு மாத்திரை, சர்க்கரைக்கு ஊசி,
கல் மறுபடி விளையவும் விளையலாம்.
டாக்டர் ஒன்றையும் மறைக்கவில்லை.
வீட்டுக்கு வரும் வழியில் மாமாங்கத்தில்
பஸ் நின்றபோது தமயந்தி சொன்னாள்:
"நானும் ஒரு ரெண்டு மாசம் சந்தேகப்பட்டேன்."
ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.
சேர்வராயன் மலையில் பாதியை மேகம் தின்றிருந்தது.

வேலைக்குத் திரும்பிய அன்று,
லாரி வராத மத்தியானத்தில்
மேடைமேல் ஏறி நின்றேன்.
அதன் மிகச் சின்னப் படி பத்துக் கிலோ.
என்னை வளைத்துப்போட்ட கல்
அதில் ஆயிரத்தில் ஒரு பங்கு வருமா, தெரியாது.
"அம்பது!" என்று கத்தினான் உள்ளேயிருந்து மாதையன்.
போன வருஷம் எழுபது.
"ரசீது போடவா? லோடா, காலியா?"

நிமிர்ந்துதான் நின்றிருந்தேன்.
காலி என்றேன்.
"டிரைவரோடயா, இறங்கியா?"

கேட் பக்கம் பத்துச் சக்கர லாரி ஒன்று
ஹாரன் அடிக்கத் தொடங்கியது.