மூன்று வாட்ஸ்

ஒட்டுசுட்டானில் எனக்கு மோட்டர் சுற்றுகிற வேலை.
கிணற்றடிகளில் எரிந்துபோனவை எல்லாம்
கருகிய வார்னிஷ் மணத்தோடு என் மேசைக்கு வரும்.
"அக்கா, நாளைக்குத் தண்ணி மாற வேணும்."
எல்லாருக்கும் நாளைக்குத்தான் வேணும்.

பின்னறையில் வாடகைக்கு இருக்கிற சறோமி மட்டும்
அவசரமில்லாமல் கேட்டாள்,
மாங்குளம் ஆஸ்பத்திரியில் இரவு வேலை முடித்து,
ஒரு கையில் பனிஸ், மற்றதில் கிற்றார்:
"அறைக்குள் அடங்குகிற சத்தம் காணும்.
ஆனால் அது உடைய வேணும்.
பக்கத்து வீட்டு யோகம்மா திடுக்கிடக் கூடாது."

கடையில் விற்கிறவை கத்தினால்தான் உடையும்.
கத்தாமல் உடைய
சின்ன வால்வு வேணும்.
மூன்று வாட்ஸ். அதுவே கூட.

வவுனியாப் பழைய இரும்புக் கடையில்
வயிறு திறந்து கிடந்த றேடியோவில் கழற்றினேன்.
ஒரே குப்பிக்குள் இரண்டு பேர்:
ஒருவர் காது கொடுப்பார், மற்றவர் தூக்கிவிடுவார்.

பரராசா அண்ணை பச்சை இரும்புப் பெட்டியொன்று கொண்டுவந்தார்.
மூடியில் வெள்ளை இலக்கங்கள்.
"நல்ல தடிப்பு. விதைநெல் வைச்சிருந்தனான்."
நெல்லையே வையுங்கோ என்றேன்.
றஸ்க் தகரம் மெல்லிசு,
துளை போடப் போட வளைந்தது. வளையட்டும்.

ரான்ஸ்போமர் கையால் சுற்றினேன்.
இரண்டாயிரத்து ஐந்நூறு ஒரு பக்கம், நூறு மறுபக்கம்.
ஆயிரத்து அறுநூற்று நாற்பத்து மூன்றில்
வாசலில் ஒருவர்: "என்ரை பம்ப் முடிஞ்சுதோ?"
நாற்பத்து மூன்றா, முப்பத்து நாலா?
அவிழ்க்க மனம் வரவில்லை.
நாற்பத்து மூன்று என்று வைத்துக்கொண்டேன்.
இந்தத் தகரத்துக்குள் ஒரு பொய் இருக்கலாம்,
ஒன்பது சுற்று நீளத்தில்.
இரும்புத் தகடுகளுக்கு இடையில் ஒரு கடதாசி இடைவெளி.
சறோமியின் பையிலிருந்த மருந்துத் துண்டு
தடிப்புக்குச் சரியாக இருந்தது.

இருநூற்றைம்பது வோல்ட்.
இடது கையை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டு
வலதால் மட்டும் தொட வேணும்.
கரண்ட் ஒரு கையால் ஏறி மறுகையால் இறங்கும்,
நெஞ்சு அதற்கு வழி.
அணைத்தாயிற்று என்று நம்பவும் கூடாது.
பிளக்கைக் கழற்றிக் கனநேரம் போன பிறகும்
கப்பாசிற்றர் வைத்துக்கொண்டிருக்கும்.
தெரியும். முழங்கை வரை தெரியும்.

போட்டதும் குப்பியின் அடியில் செம்மஞ்சள் பொட்டு.
பிறகு ம்ம்ம் என்றொரு இரைச்சல்,
ஊரின் லைன் எல்லாம் சேர்ந்து முனகுகிற மாதிரி.
இழைக்கம்பிகளைச் சடையாய் முறுக்கினேன்.
நிலக்கம்பிகளை ஒரே ஆணிக்குக் கொண்டுவந்தேன்.
பாதி போனது. மீதி இருந்துவிட்டுப் போகட்டும்.

சறோமி வாசித்தாள்.
சுத்தம். கழுவிய கோப்பை மாதிரிச் சுத்தம்.
எங்கேயும் ஒரு கீறல் இல்லை.
"நல்லாயிருக்கு அக்கா" என்றாள்,
நோயாளிகளுக்குச் சொல்கிற குரலில்.

ஆறரைக்குச் சந்தியில்
சபாநடேசனின் அரிசி ஆலை போட்டார்கள்.
பல்ப் மங்கியது. மீற்றர் ஊசி
இருநூற்று முப்பதிலிருந்து நூற்றுத் தொண்ணூறுக்குச் சரிந்தது.
அவள் கை நிறுத்தவில்லை.
அந்தத் தந்தியின் சத்தம் ஓரத்தில் நைந்தது,
நூல் நூலாய்ப் பிரிந்தது,
நடுவில்
கிழிந்தது.

நாங்கள் ஒருவரையொருவர் பார்க்கவில்லை.
வேலிக்கு அப்பால் யோகம்மா தேங்காய் துருவுகிற சத்தம்
ஒருமுறையும் நிற்கவில்லை.

சத்தத்துக்கு ஒரு குமிழ், தொனிக்கு ஒன்று.
மூன்றாவது தன்னிடம் இருப்பது
சபாநடேசனுக்குத் தெரியாது.
ஞாயிற்றுக்கிழமை ஆலை பூட்டு.
அன்றைக்கு என்ன செய்கிறது என்று கேட்கிறாள்.
ஒரு றெசிஸ்ரரால் சரிப்படுத்தலாம்.
யோசிக்கிறேன்.
முதலில் அந்த மனிசனின் பம்பை முடிக்க வேணும்.