லாபா மெம்

எபேன், சைபர் கோபுரம், எட்டாம் மாடி.
சன்னலுக்குக் கீழே ஆளுயரக் கரும்பு, ஜனவரி மழை.
லியோனில் இருக்கும் ஹோட்டல்காரருக்குப்
பக்கம் இரண்டு ஃப்ரேமாக வேண்டும்:
இடப்பக்கம் அறைகள், வலப்பக்கம் பில்.
இங்கே சொடுக்கினால்
அங்கே ஒரு வரி முளைக்கவேண்டும்.
அவ்வளவுதான் வேலை.

வரியை இடப்பக்கத்தில்தான் செய்தேன்.
கிரியேட் எலிமென்ட் என்றதும் பிறந்துவிட்டது,
எடையில்லாமல், எதிலும் ஒட்டாமல்.
எழுத்துப் போட்டேன், நிறம் கொடுத்தேன்,
தூக்கி அந்தப் பக்கம் வைத்தேன்.

ஃபயர்ஃபாக்ஸ் ஒன்றும் கேட்கவில்லை.
ஓப்பரா கொஞ்சம் தயங்கினாற்போல் இருந்தது,
அது என் கணினியின் சோம்பலாகவும் இருக்கலாம்.
எக்ஸ்ப்ளோரர் ஆறு மட்டும்
மூலையில் மஞ்சள் முக்கோணம் காட்டி
செல்லாது என்றது.
எது செல்லாது என்று சொல்லவில்லை.
லியோனில் எல்லோரிடமும் இருப்பது அதுதான்.

எனக்கு ஏழாம் மாதம்.
மேசைக்கும் எனக்கும் நடுவே வயிறு.
விசைப்பலகையை எட்டி எட்டித் தட்டினேன்
நேற்று முழுக்க, இன்று மதியம்வரை.

தால்பூரியைக் கடித்துக்கொண்டே
தேவனி அர்னாசலோன் நாற்காலியை உருட்டிவந்தாள்.
(அருணாசலம் என்று கப்பலேறியதை
எந்த எழுத்தர் எந்தக் காதால் கேட்டாரோ.)
காவடிக்கு விரதம் இருக்கிறாள்.
தமிழில் அவளுக்குத் தெரிந்தவை
வணக்கம், அரோகரா, ரசோன் என்று அவள் சொல்லும் ரசம்.
வேலைக்குச் சேர்ந்த அன்று தமிழில் பேசி,
அவள் விழித்ததும்
இவள் தமிழில்லை என்று முடிவு கட்டியவள் நான்.
ஒரு ஃப்ரேமில் பிறந்த பட்டியலை
இன்னொரு ஃப்ரேமில் வைத்து
'இது பட்டியல்தானா?' என்று கேட்டால்
எந்த உலாவியும் இல்லை என்றே சொல்லும்.
உள்ளே எண்ணிப் பார்த்தால்
எல்லாம் வரிசையாகத்தான் இருக்கும்.

திரையைப் பார்த்தாள். "கோத் லின் நே?"
எங்கே பிறந்தது?
இடப்பக்கத்தைக் காட்டினேன்.
விரலைத் துடைத்துக்கொண்டு வலப்பக்கத்தைத் தொட்டாள்.
"க்ரேயே லி லாபா மெம்."
அங்கேயே உண்டாக்கு.

வலப்பக்க ஃப்ரேமின் ஆவணத்தைக் கூப்பிட்டு
உன் வரியை நீயே பெற்றுக்கொள் என்றேன்.
மூன்று உலாவியிலும் வந்து உட்கார்ந்தது:
அறை 214, இரண்டு இரவு, காலையுணவு சேர்த்து.
மாறியது ஒரு சொல். போனது ஒன்றரை நாள்.

மறக்காமலிருக்க நோட்டில் எழுதினேன்:
எந்த ஆவணத்தில் பிறந்ததோ
அந்த ஆவணத்துக்கே சொந்தம்.
முற்றுப்புள்ளி வைக்கும்போது உள்ளேயிருந்து ஓர் உதை.

மார்ச்சில், கந்தோஸ் ஆஸ்பத்திரியில்.
பிறந்த ஊர் கத்ர் போர்ன் என்று சான்றிதழ் சொல்லும்.
தாயும் தகப்பனும் வேலை அனுமதியில் வந்தவர்கள்,
ஆகையால் குழந்தை இந்த நாட்டுக் குடியல்ல என்று
கவுண்டரில் மிகப் பணிவாக, பிரெஞ்சில் சொன்னார்கள்.
இந்தியத் தூதரகத்தில் இன்னொரு படிவம் இருக்கிறது.
இங்கே பிறந்து
அங்கே சொந்தமாவது
எக்ஸ்ப்ளோரர் ஆறுக்குப் புரியவே புரியாது.

எழுதியதை அடிக்கவில்லை.
ஓரத்தில் சின்னதாகச் சேர்த்தேன்:
உலாவிகளுக்கு மட்டும்.

பெண் என்றால் என்ன பேர், என்றாள் தேவனி.
பொழில்.
பொயில்? பொளில்?
நாக்கை மடித்துக் காட்டினேன். சிரித்தாள்,
தால்பூரித் துகள் என் விசைகளில் விழுந்தது.
பதிவு அலுவலகத்துக்கு நானும் வருகிறேன்,
எழுத்தர் எழுதும்போது பக்கத்தில் நிற்கிறேன் என்றாள்,
இன்னொரு தடவை முயன்றுகொண்டே.

புயல் எச்சரிக்கை இரண்டுக்கு ஏறியதாம்.
பஸ் நிற்கும் முன் கிளம்பச் சொல்லி ஆள் வந்தார்.
சேமித்துவிட்டு, மெதுவாக எழுந்தேன்.