முப்பத்திரண்டு வரை

எங்கள் ஊரின் பெயர் காய்.
ஏப்ரலில் அது பெயராக இருப்பதில்லை,
ஏவலாகிவிடுகிறது.
சுற்றியுள்ள இரும்புக் குன்றுகள்
பகலில் வாங்கிய வெயிலை
இரவில் திருப்பித் தருகின்றன,
வட்டியோடு.

நான் ஃப்ரீசர் ரிப்பேர்க்காரன்.
மழை வரும்வரை எனக்கு உறக்கம் கிடையாது.

தெனிம்பாவின் பெட்டி கப்பலேறி வந்தது.
பாரிஸில் தெருக் கூட்டும் அவள் தம்பி
யாரோ கழித்துப் போட்டதை வாங்கி
உள்ளே ஆறு போர்வையும்
ஒரு சைக்கிள் சக்கரமும் திணித்து அனுப்பியது.
பின்புறம் சின்னதாக ஒரு தகடு.
எச்சில் தொட்டுத் துடைத்துப் படித்தேன்:
சுற்றுப்புற வெப்பம் பதினாறு முதல்
முப்பத்திரண்டு வரை.
“என்ன எழுதியிருக்கு?” என்றாள்.
“நல்ல கம்பெனி” என்றேன்.
இங்கே சேவல் கூவும்போதே
முப்பத்துமூன்று.

அவளிடம் சொல்லியிருக்கலாம்:
இந்தப் பெட்டி குளிரைச் செய்வதில்லை.
உள்ளே இருக்கும் சூட்டை அள்ளி
வெளியே கொட்டுகிறது, அவ்வளவுதான்.
கொட்ட இடம் வேண்டும்.
நாற்பத்தேழில் நிற்கிற முற்றம்
நிரம்பி வழியும் குப்பைத்தொட்டி,
போடப் போடச் சரிந்து திரும்பி வரும்.
அதனால்தான் அந்த மோட்டார்
கரண்ட் போனால் ஒழிய நிற்பதேயில்லை.
ஒரு மாதமாக ஒரே மூச்சு.

சொல்லவில்லை. செய்ய முடிந்ததைச் செய்தேன்.
கம்பிச்சுருளில் கம்பளிபோலப் படிந்திருந்த
செம்மண்ணைப் பிரஷ்ஷால் உதிர்த்தேன்.
சுவரைவிட்டு இரண்டு சாண் இழுத்து வைத்தேன்.
“காலியாக விடாதே,
விற்கச் சரக்கில்லையென்றால் தண்ணீர்ப் பையாவது போடு.
எண்ணிப் பார்க்க மூடியைத் திறக்காதே,
கணக்கை நோட்டில் வை.”
பிறகு பின்கம்பிமேல் ஓர் ஈரச் சாக்கு.
எங்கள் காற்றுக்குத் தீராத தாகம்,
அந்தத் தாகத்தையே வேலைக்கு வைத்தேன்.

ஒயர் பக்கம் சொட்டாமல் நனைப்பது
அவள் மகள் சிராவின் பொறுப்பு.
கையில் ஒரு தக்காளி டப்பா.
நனைக்கும்தோறும் சுவரில் ஒரு கரிக்கோடு.
வியாழக்கிழமை முப்பத்தொரு கோடு.

நோன்பு மாதம் வேறு.
சூரியன் விழுந்ததும் வாசலில் தெருவே நிற்கும்.
இஞ்சிச் சாறு, புளிச்சைப்பூச் சாறு,
ஐஸாக உறைந்த சின்னச் சின்னப் பாக்கெட்.
மூடி திறந்து மூடி திறந்து
உறைந்தது பாதி, உறையாதது பாதி.
“உள்ளே வெறும் தண்ணீர்!” என்று
பையன்கள் திருப்பிக் கொடுப்பார்கள்,
ஓரத்தைக் கடித்துவிட்டு.

ஒரு நாள் விடியற்காலை மூன்று மணி.
போனில் தெனிம்பா:
“செத்துப்போச்சு. வா.”

மோட்டார் பைக்கில் போகும்போதே உறைத்தது,
வடக்கிலிருந்து ஒரு காற்று.
காது மடல் சில்லிட்டது,
யாருடைய காதோ என்றிருந்தது.

சத்தம் நின்றதும் வீடே விழித்துக்கொண்டிருக்கிறது.
டார்ச்சும் கையுமாகச் சுற்றி நிற்கிறார்கள்.
சிரா மட்டும் டப்பாவை அணைத்தபடி
பாயில் உறங்குகிறாள்.
மீட்டரை வைத்தேன், கரண்ட் இருக்கிறது.
மூடியைத் திறந்து கைவிட்டேன்,
விரல்தோல் ஒட்டிக்கொண்டது.
பாக்கெட் எல்லாம் கூழாங்கல்.

“சாகவில்லை.
கேட்ட குளிரை எட்டிவிட்டது, தானே நின்றிருக்கிறது.
வேலை முடிந்தது.”

“அதுக்கு வேலை முடியுமா?” என்றாள்.

பதில் சொல்லாமல் உட்கார்ந்தோம்.
இஞ்சி பாக்கெட் ஒன்று தந்தாள்.
பல் கூசியது. ஆற்றுப் பக்கமிருந்து
தவளை கத்துவது கேட்டது,
இத்தனை நாளும் கத்திக்கொண்டுதான் இருந்திருக்கும்.
தம்பிக்குச் சொல்லலாமென்று போனை எடுத்தவள்
மணி பார்த்துவிட்டு வைத்தாள்:
“அங்கே அஞ்சு. துடைப்பத்தோடு கிளம்பியிருப்பான்.”

பாக்கெட் பாதிகூட ஆகவில்லை.
பெட்டிக்குள் ‘டக்’ என்றது.
உடம்பு ஒருமுறை குலுங்க
மறுபடி தொடங்கியது.

தெனிம்பா எழுந்தாள்.
மகளை எழுப்பாமல்
விரல் விரலாகப் பிரித்து
டப்பாவை எடுத்துக்கொண்டு
குடத்தடிக்குப் போனாள்.