மூன்று கால்

வூச் நகரத்தின் பெயருக்குப் படகு என்று பொருள்.
ஆறுகள்தான் இல்லை.
நூலாலைகள் வந்த காலத்தில்
தரைக்கடியில் குழாய்களில் அடைத்துவிட்டார்கள்.
நாலாவது மாடியில், ஒரு சமையலறையில்
நாரைகள் மட்டும் தண்ணீரில் நிற்கின்றன.

பெலித்ஸியா வரைந்தவை.
துணிக்கு வடிவம் வரைவது அவள் தொழில்.
அறுபத்து நான்கு சென்டிமீட்டருக்கு ஒருமுறை
அதே நாணல், அதே அலை, அதே நாரைகள்
ஒட்டுத் தெரியாமல் திரும்ப வரவேண்டும்.
வந்தன.
கூடவே ஒரு காலும் வந்தது.
சதுரத்தின் விளிம்பில் வெட்டி
மறுவிளிம்பில் சேர்த்தபோது
அழிக்க மறந்த கால்.

தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்று
சாதிப்பவர்கள் உண்டு.
இவள் சாதிக்கவில்லை.
அச்சாகி வந்த இருநூறு மீட்டரைப் பிரித்து
முதலாளி விரல்வைத்து எண்ணியபோது
அவளும் சேர்ந்து எண்ணினாள்.

சம்பளத்தில் பாதிக்கு
அந்தத் துணியையே கொடுத்தார்கள்.

அன்றிலிருந்து வீடு
கொஞ்சம் கொஞ்சமாகச் சதுப்புநிலமாகிறது.
முதலில் விளக்கின் குடை.
பிறகு இழுப்பறைகளின் உட்புறம்;
கரண்டி எடுக்கப் போனால்
அலகொன்று எட்டிப் பார்க்கும்.
ஃபிரிட்ஜ் கதவில் பசை ஒட்டவில்லை.
வார்னிஷ் ஒட்டியது,
அவள் இடதுகைக் கையுறையையும் சேர்த்து.
கையுறையின் ரோமம் இன்னும் அங்கேதான் இருக்கிறது,
தொட்டுப் பார்க்கலாம்.

மகள் யாக்னா கணக்கு வைத்திருக்கிறாள்.
மூன்றுகால் நாரைகள்: முப்பத்தொன்று.
மற்றவற்றை அவள் எண்ணுவதே இல்லை.

பிப்ரவரியில் குப்பைத்தொட்டி ஓரம்
கைவைத்த நாற்காலி ஒன்று.
அதன்மேல் பனி சாவகாசமாக உட்கார்ந்திருந்தது.
"காலை எண்ணிப் பார்த்துவிட்டுத் தூக்கு"
என்றார் கீழ்வீட்டு ஜெமோவித்.
மூன்று.
நாற்காலி என்ற சொல்லில்
கால்பங்கு பொய்.
சொன்னாரே தவிர, ஒரு பக்கம் அவரே பிடித்தார்.
ட்ராம் ஓட்டித் தேய்ந்த முட்டியை
ஒவ்வொரு திருப்பத்திலும் திட்டிக்கொண்டே
மேலே வந்து சேர்ந்தார்.

உரித்தாள்.
பழுப்பு ரெக்ஸின்.
அடியில், எதையோ சிந்திய பச்சை வெல்வெட்.
இருநூற்றுப் பன்னிரண்டு ஆணிகள் ஜாம் பாட்டிலுக்குள்.
ஒரு கொண்டை ஊசி, ஒரு பொத்தான்,
சூரியகாந்தி விதைத்தோல் ஒரு கைப்பிடி.
எல்லாவற்றுக்கும் அடியில்
ஆரஞ்சுப் பூக்கள்.

தொழில் புத்தி விடவில்லை.
தரையில் விரித்து, முட்டிபோட்டு
அளவுநாடாவை ஓட்டினாள்.
நாற்பத்தெட்டு.
அடுத்த நாற்பத்தெட்டு.
ஒவ்வொரு முறையும் அதே இடத்தில்
ஓர் இதழ் பாதியில் நின்றது.
யாரோ ஒருத்தி.
மதியச் சங்கு ஊதுவதற்குள் முடிக்கவேண்டிய
யாரோ.
இதன்மேல் எத்தனை பேர் உட்கார்ந்து
மடியில் தட்டை வைத்துச் சாப்பிட்டிருப்பார்கள்.

அந்தத் துண்டை அவள் எறியவில்லை.
சட்டமிடவும் இல்லை.
பஞ்சுக்கு மேலே, நாரைக்குக் கீழே
திரும்ப விரித்து ஆணியடித்தாள்.

ஆனாலும் ரோஷம் போகுமா?
சாக்குக்கட்டியால் பத்துமுறை கோடிழுத்து
மூன்றுகால் நாரையை முதுகுப்புறம் தள்ளி
சுவரைப் பார்க்க வைத்துவிட்டாள்.
இரவு ஒன்றரை மணி. கட்டைவிரலில் ரத்தம்.

நாலாவது காலை ஜெமோவித் கொண்டுவந்தார்,
எந்த மேசையிடமிருந்து என்று சொல்லவில்லை.
சற்றே குட்டை.
கார்க் வெட்டி அடியில் ஒட்டியும்
இன்னும் குட்டை.

காலையில் நாற்காலி திரும்பியிருந்தது.
முகம் சுவருக்கு, முதுகு அறைக்கு.
அதில் யாக்னா சம்மணமிட்டு
வெறுஞ்சுவரைப் பார்த்தபடி
பேரிக்காய் தின்றுகொண்டிருந்தாள்.
"முப்பத்திரண்டு" என்றாள், திரும்பாமலே.

பெலித்ஸியா அதைத் திருப்பிப் போட நினைத்தாள்.
தேநீர் கொதித்துவிட்டது.
பிறகு அவளும் அப்படியே உட்கார்ந்து குடித்தாள்.
எழும்போது
டக் என்று ஒரு சத்தம்.