எந்த மாட்டின் பால்

ஐந்தே முக்காலுக்குக் கிடங்கின் கதவு திறக்கும்.
ரப்பர் சப்பாத்து, உப்புத்தண்ணீர் வாளி, தூரிகை.
லாங்னாவில் பதினொரு வருடமாய்
சீஸ் வட்டங்களைத் துடைத்துப் புரட்டுகிறேன்.
ஒவ்வொன்றும் ஏழு கிலோ,
தூக்கச் சொல்லி அடம்பிடிக்கும் பிள்ளையின் கனம்.
விரலிடுக்கில் ஏறிய மணம்
எந்தச் சவர்க்காரத்துக்கும் போகாது.
வாய்க்குள் அது போய் மூன்று வருடமாகிறது.

ஏன் என்று கேட்பவர்களுக்கு
ஆளைப் பார்த்துக் காரணம் சொல்வேன்.
டாக்டரிடம் கொழுப்பு.
கோயிலில் விரதம்.
மகன் அபிநயனிடம், "உனக்கென்ன, தட்டைப் பார்."

உண்மைக் காரணம் சின்னது.
ஒரு மாசி மாதம், பஸ் தரிப்பில்,
வேலிக்கு அந்தப் பக்கம் வெள்ளைப் பிளாஸ்டிக் கூண்டு.
உள்ளே ஒரு கன்று.
கையுறையைக் கழற்றி விரலை நீட்டினேன்.
சப்பத் தொடங்கியது.
சீஸ் மணந்த விரல்.
அதில் யாரை அடையாளம் கண்டதோ,
விடவே இல்லை.
பஸ் வந்தது, போனது.

மற்றபடி நான் தியாகி இல்லை.
தயிர் என்றால் இன்னும் நாவூறும்.
முதல் மாதம் சோயாத் தயிரில் மோர்க்குழம்பு வைத்து
அது திரிந்து திரிதிரியாய்ப் போக
சட்டியோடு சிங்கில் கவிழ்த்தேன், கொஞ்சம் அழுதேன்.
இப்போது கைக்குத் தெரியும்:
கோவாவை மயிரிழையாய் அரிந்தால் வறை பொலபொலக்கும்.
லீக்ஸ் இங்கே மலிவு,
மண்ணை மட்டும் மடல் மடலாய்க் கழுவ வேண்டும்.
கறிவேப்பிலை பெர்னிலிருந்து வரும்,
பொட்டலம் மூன்று பிராங்க்,
எண்ணித்தான் எண்ணெயில் போடுவது.
சம்பலுக்கு மாசிக்குப் பதிலாய்
காளானைக் கருக வறுத்து இடித்துப் பார்த்தேன்.
மாசி இல்லை அது, காளான்தான்.
ஆனாலும் அபிநயன் இரண்டாம் முறை போட்டுக்கொண்டான்.

பன்னிரண்டு மணி. இடைவேளை மேசை.
ரூடி ரொட்டிமேல் வெண்ணெய் பூசுகிறார்,
விரல் தடிப்புக்கு.
நான் டப்பாவைத் திறக்கிறேன்: சோறு, சொதி.
மஞ்சளும் வெந்தயமும் மேசையைத் தாண்டிப் போக
எட்டிப் பார்க்கிறார்.
"பாலை விட்டுவிட்டாய் என்றாயே. இது என்ன?"
"பால்."
"எந்த மாட்டின் பால்?"

எப்படிச் சொல்வது, ரூடி.
கடையில் ஓட்ஸ் பெட்டியின் மேல்
பால் என்று எழுதச் சட்டம் விடாது,
பானம் என்றுதான் போடுவார்கள்.
அந்தச் சட்டம் என் மொழிக்கு இன்னும் வந்து சேரவில்லை.
தேங்காய்க்கு முதற்பால் உண்டு, இரண்டாம் பால் உண்டு.
பலாக்காயை வெட்டினால் கத்தியெல்லாம் பால்.
ஆலிலையைக் கிள்ளினால் பால்.
கள்ளியிலும் பால்தான், கண்ணில் பட்டால் கண் போகும்.
வயலில் நெல் பால்பிடிக்கும்.
இந்தக் கூட்டத்தில்
மாடும் ஒருத்தி.

இவ்வளவையும் தாங்க என் ஜெர்மனுக்குத் தோள் இல்லை.
"மரத்தின் பால்" என்றேன்.
"மரத்துக்கு மடி எங்கே?"
தன் பகிடிக்குத் தானே சிரித்தார்.
கரண்டியை நீட்டினேன்.
ஒரு வாய். யோசித்தார். இன்னொரு வாய்.
பிறகு ரொட்டியைத் திருப்பி
வெண்ணெய் படாத ஓரமாய்ப் பார்த்து
சொதியில் தோய்த்தார்.
நான் பார்க்காதது மாதிரி இருந்தேன்.

"வேறு வேலை தேடலாமே" என்பான் அபிநயன்.
தேடலாம்.
வாடகை சைவமா அசைவமா என்று
வீட்டுக்காரி கேட்டதில்லை.
ஒரு மணிக்கு மறுபடி வாளி, தூரிகை,
பலகையில் ஈர வட்டம் விட்டு எழும்பும் சீஸ்.

நாலரைக்கு அதே பஸ் தரிப்பு.
கூண்டு அங்கேதான் இருக்கிறது.
வேறு கன்று.
கைகளைச் சட்டைப் பைக்குள் விட்டுக்கொள்கிறேன்.
அது பார்க்கிறது.
நாளைக்குக் கடலை ஊறப்போடவில்லை என்பது
அப்போதுதான் ஞாபகம் வருகிறது.