மஸ்கட்டில் பெருவிரல்

சனிக்கிழமை. கருங்கல் பள்ளியில் யாருமில்லை.
ஆய்வக உதவியாளருக்குச் சாவி உண்டு.
அலமாரி மேல்தட்டிலிருந்து
உலக உருண்டையை இறக்கி
முந்தானையால் துடைத்தேன்.
பசிபிக்கில் பல்லி எச்சம்.
சோவியத் இன்னும் உடையாமல் இருந்தது.

நேற்று ராத்திரி
மஸ்கட்டிலிருந்து வின்சிலாஸ் அண்ணன் கேட்டான்:
"இங்கேருந்து டொராண்டோவுக்கு
எவ்வளவு தூரம் காணும் பிள்ளே?"
கையிலிருக்கும் போனில் தட்டினால்
இமைப்பதற்குள் வந்து விழும்.
என்னிடம் கேட்டான்.
ஆறு வருடமாய்
கிளிட்டஸ் என்ற பெயர் அவன் வாயில் வந்ததில்லை.
நேற்றும் வரவில்லை.
ஊர்ப்பெயரைத்தான் சொன்னான்.

சின்னவனுக்கு நெஞ்சைத் திறக்கப்போகிறார்கள் என்று
போன வாரம் அவனிடம் சொன்னது நான்தான்.
"ம்" என்றான். வைத்துவிட்டான்.

குளச்சல் கடைவீதியில் வாங்கிய தங்கூஸ்.
ஒரு நுனியை
மஸ்கட்டில் பெருவிரலால் அழுத்திக்கொண்டு
சுவர் வரைபடம் காட்டுகிற வழியில்
எகிப்து, அட்லாண்டிக் என்று
நேர் மேற்கே கொண்டுபோனேன்.
தொளதொளத்தது.
இழுத்துப் பிடிக்கப் பிடிக்க
தானே வழுக்கி வடக்கே ஏறி
காஸ்பியனைத் தாண்டி
ஐஸ்லாந்தை உரசி
கிரீன்லாந்தின் வால்நுனியில் ஒட்டி
டொராண்டோவில் இறங்கியது.
விறைத்தால் இதுதான் குறுக்குவழி போல.

ஸ்கேலில் வைத்தேன்.
இருபத்திரண்டு புள்ளி மூன்று.
ஒரு சென்டிமீட்டருக்கு ஐந்நூற்றுப்பத்து கிலோமீட்டர் என்று
உருண்டையின் அடியில் அச்சடித்திருக்கிறது.
பழைய வருகைப் பதிவேட்டின் பின்பக்கத்தில்
பெருக்கிப் பார்த்தேன்.
பதினோராயிரத்து முந்நூற்று எழுபத்து மூன்று.

முளகுமூடு ரப்பர் விளையில்
எல்லைக்கல் நகர்ந்திருந்தது ஒரு அடி.
சர்வேயர் சங்கிலி போட்டுச் சொன்னார்.
ஒரு அடி என்றால்
இந்த மர ஸ்கேல், முனையிலிருந்து முனை வரை.
தங்கூஸை அதன்மேல் மறுபடி நீட்டினேன்.
ஏழெட்டு சென்டிமீட்டர்
மரம் மிச்சம் கிடந்தது.

பிறகு, யாரும் பார்க்கவில்லை என்பதால்,
ஊர் வழியாக வளைத்துப் பார்த்தேன்.
நம் மாவட்டத்தில் விமானநிலையம் இல்லை.
உருண்டையில் மாவட்டமே இல்லை.
சிலோனுக்கு இந்தப் பக்கம்
என் நகம் மூடுகிற இடம்,
அதில் இரண்டு அண்ணன்மார் பிறந்து
ஒரே பாயில் உருண்டு
ஒரே சட்டையை மாற்றிமாற்றிப் போட்டார்கள்.
அங்கே ஒரு விரலை ஊன்றி
மறுநுனியை டொராண்டோவுக்கு இழுத்தேன்.
நூல் பத்து சென்டிமீட்டருக்குமேல் போதவில்லை.
பெயர் எழுதாத ஏதோ பனிக்கடலில்
முடிந்துபோனது.

அதை அவனிடம் சொல்லவில்லை.

மத்தியானம் கூப்பிட்டேன்.
"பதினோராயிரத்துச் சொச்சம் அண்ணா.
ஐஸ்லாந்து பக்கமாய்ப் போகணும்."
அந்த முனையில் ஏசி இரைந்துகொண்டிருந்தது.
யாரோ அரபியில் கூப்பிட்டார்கள்.
அவன் பதில் சொல்லவில்லை.
போன் துண்டித்துவிட்டதோ என்று பார்த்தேன்,
நொடிகள் ஓடிக்கொண்டுதான் இருந்தன.

"அங்க இப்ப
குளிரு காணுமா பிள்ளே?"